"ஊசி போட்ட மாணவிகள் மயக்கம்" செய்தி: மகளுக்குப் போடுவதா விடுவதா?

உப்புவெளி அம்மா:
மகள் தரம் 6. பாடசாலையில் எச்.பி.வி. ஊசிக்கு (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கப் போடுவது) சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். கையெழுத்து வைக்கத்தான் இருந்தேன், அதற்குள் நிலாவெளி மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு இணையச் செய்தியை அனுப்பிவிட்டாள். மேலே அம்புலன்ஸ் படம் வேறு. இப்போது மாமியும் இவரும் வேண்டாம் என்று நிற்கிறார்கள். மயங்கியது பொய்யா? பொய் இல்லையென்றால் ஏன் போட வேண்டும்?

பழைய செய்திக்காரன்:
தங்கச்சி, நான் மூன்று வருடம் ஒரு செய்தித்தளத்தில் (பெயர் வேண்டாம்) தலைப்புப் போட்டவன். "போட்ட பின்" என்று வருவதை "போட்டதால்" என்று மாற்ற ஒரு நிமிடம் போதும், பார்வை கூடிவிடும். பிள்ளைகள் பின்னேரமே வீட்டுக்குப் போன கதையைப் போட்டாலும் ஒருவரும் அமத்த மாட்டார்கள். அம்புலன்ஸ் படம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, விபத்துக்கும் பாம்புக்கடிக்கும் அதேதான். திகதியையும் கடைசிப் பந்தியையும் பாருங்கள்.

தாதி ஒருத்தி:
மயங்குவது பொய் இல்லை. இந்த வயதில் ஊசியைக் கண்ட பயத்திலேயே மயங்குவார்கள், சாப்பிடாமல் வந்தால் இன்னும் மோசம், ஒருத்தி விழுந்தால் வரிசையில் நிற்கிற இரண்டு பேருக்குத் தலை சுற்றும். அதனால்தான் போட்டபின் 15 நிமிடம் இருத்தி வைக்கிறது. இலங்கையில் 2017 முதல் கொடுக்கிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற இந்த வைரசால் வருவது. சுவீடனில் 17 வயதுக்கு முன் போட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 88 வீதம் குறைவு என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான்:
ஜப்பான் கதை தெரியுமா? 2013இல் இதே ஊசி. வலி, வலிப்பு என்று பிள்ளைகளின் படங்களைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்ட, அதே வருடம் ஜூனில் அரசாங்கம் ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 வீதம் அளவில் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் 1 வீதத்துக்கும் கீழே போய்விட்டது. பிறகு அங்கே நாகோயா நகரத்தில் கிட்டத்தட்ட 30,000 பேரின் பதில்களை வைத்துப் பார்த்தால், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த அறிகுறிகளில் வித்தியாசமே இல்லை. மறுபடி பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஒன்பது வருடமாக ஊசி போடாமல் விடுபட்ட பிள்ளைகள், யோசித்துப் பாருங்கள்.

கடற்கரை வீதி:
எல்லாப் பழியையும் செய்திக்காரர் தலையில் போடாதீர்கள். 2023இல் அரச வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வந்த விவகாரம் வெளிவந்தபோது நாம் எல்லோரும் செய்தியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்? என் மகளின் பாடசாலையில் கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை விளக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் வட்ஸ்அப் புகுந்தது.

உப்புவெளி அம்மா:
திறந்து பார்த்தேன். பழைய செய்தி, அதுவும் வேறு நாட்டில். எல்லோரும் அன்றைக்கே வீடு திரும்பினர் என்று கடைசி வரியில் இருக்கிறது! இவர் சரி என்றுவிட்டார். மாமி மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா, மச்சாளும் பதில் போடவில்லை. ஊசியன்று இடியப்பம் கொடுத்துத்தான் அனுப்புவேன்.