மறு: குளியலறைத் தரையின் ‘வாட்டர் ப்ரூஃபிங்’ – ‘ஊறல்தடை’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் குளியலறைத் தரையின் ‘வாட்டர் ப்ரூஃபிங்’குக்கு ‘ஊறல்தடை’ என்ற சொல் பொருந்துமா என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘நீர்ப்புகாமை’ ஏற்கெனவே கைக்கடிகாரத்துக்கும் கைப்பேசிக்கும் வழங்குகிறது. குளியலறைத் தரைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்றே சொல்வேன். கடிகாரத்துக்கு நீர்ப்புகாமை ஒரு தன்மை. இங்கே நமக்குப் பெயர் தேவைப்படுவது ஓர் அடுக்குக்கு. கான்கிரீட்டுக்கு மேலே, டைல்ஸுக்கு அடியில், கொத்தனார் பிரஷ்ஷால் பூசுகிற மெல்லிய படலம் அது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாததால்தான் பழுது பார்ப்பவர்கள் தப்பான இடத்தில் கைவைக்கிறார்கள். கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகுகிறது என்றதும், “வாட்டர் ப்ரூஃப் பண்ணிடலாம் சார்” என்று மேல்வீட்டு டைல்ஸ் சந்துகளைச் சுரண்டி வெள்ளைச் சாந்தை அடைத்துவிட்டுப் போகிறார்கள். சில மாதம் கழித்துப் பழையபடி அதே ஒழுக்கு. வீட்டுக்காரருக்குக் காசு நஷ்டம், கீழ்வீட்டாரோடு மனத்தாங்கல் வேறு.

சந்தில் அடைக்கும் சிமென்ட் சாந்து (கிரவுட்) தண்ணீரை நிறுத்தாது. அது நுண்துளை உள்ள பொருள், உறிஞ்சும். எபாக்ஸி வகை அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் சுவரும் தரையும் சேரும் மூலையில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் அதுவும் பயனற்றது. உள்ளே இறங்கிய தண்ணீர் போய்ச் சேரும் இடம், கொத்தனார்கள் ‘சங்கன்’ என்கிற பள்ளம். இந்தியன் கழிப்பறைப் பீங்கானும் அதன் வளைகுழாயும் அடங்குவதற்காக அந்த இடத்துக் கான்கிரீட்டை ஏறத்தாழ ஓர் அடி தாழ்த்திப் போட்டு, உடைத்த செங்கல்லும் மணலும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். குளிக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நிரவலில் போய்த் தங்குகிறது. வெளியேற வழியில்லை.

மதுரையில் ஒரு மாடிவீட்டில் இதை உடைத்துப் பார்க்கும்போது நான் கூட இருந்தேன். பல நாள் புழங்காமல் பூட்டியே வைத்திருந்த குளியலறை அது. மேலே டைல்ஸ் உலர்ந்து கிடந்தது. உளி இறங்கியதும் உள்ளே இருந்த செங்கல் துண்டுகள் கருஞ்சிவப்பாக, கையால் பிசைந்தால் குழையும் பதத்தில் வந்தன. கீழே சீலிங்கில் உப்பு பூத்து, நடுவில் வெள்ளைக் கூம்பாகச் சுண்ணம் படிந்திருந்தது. கான்கிரீட்டின் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கிய தண்ணீர் விட்டுப்போன தடம் அது. இன்னும் விட்டிருந்தால் கம்பி துருப்பிடித்திருக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து பாளம் பாளமாகத் தள்ளும்.

> களத்தில் என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

கேட்டிருக்கிறேன். ‘ஒழுகுது’, ‘கசியுது’, ‘ஊறுது’ என்று மூன்றையும் பிரித்தே சொல்கிறார்கள். அந்தப் பிரிப்பிலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் சொட்டு நிற்காமல் விழுந்து, மேல்தொட்டி மட்டமும் இறங்கினால் அது ஒழுக்கு: அழுத்தத்தில் தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை. குளித்துச் சற்று நேரத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால் கசிவு: பெரும்பாலும் தண்ணீர் வடிவதற்காகத் தரையில் பதித்த ‘நாணி ட்ராப்’ என்கிற வடிகிண்ணத்தின் கழுத்து, அல்லது கழிவுக்குழாய் இணைப்பு. புழங்கினாலும் புழங்காவிட்டாலும் மங்கலாக ஈரம் நின்று உப்பு பூத்தால் அது ஊறல். முதல் இரண்டுக்கும் பிளம்பர் போதும். மூன்றாவதற்குத்தான் தரையை உடைத்து, நிரவலை வாரி, பூச வேண்டும். அந்தப் பூச்சைத்தான் ‘ஊறல்தடை’ என்கிறேன். சொல்லைக் கேட்டவுடனே எதற்கான மருந்து என்று கொத்தனாருக்கும் புரியும். ‘நீர்க்காப்பு’ இங்கே எடுபடாது. தண்ணீரைச் சேமிப்பது என்றே அதைப் படிப்பார்கள்.

> தென்மாவட்டத்தில் ‘ஓதம்’ என்போம். ‘ஓதத்தடை’ இன்னும் சிறியதாயிற்றே?

அருமையான சொல், அதைக் கைவிடக் கூடாது. ஆனால் ஓதம் ஏறுவது மண்ணிலிருந்து சுவருக்கு. அஸ்திவாரத்துக்கு மேல் சுவர் எழும்பும் மட்டத்தில் போடுகிற தடுப்பு அடுக்குக்கு ‘ஓதத்தடை’ கச்சிதமாக விழும். கீழிருந்து ஏறுவதற்கு ஓதத்தடை, மேலிருந்து இறங்குவதற்கு ஊறல்தடை. இரண்டும் கலைச்சொல் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கட்டும்.

> சரிவுக்குச் ‘சாய்கோணம்’, கிரவுட்டுக்கு ‘இடைநிரப்பி’.

சரிவுக்கு எதையும் ஆக்க வேண்டியதில்லை. ‘வாட்டம்’ இருக்கிறது. “வாட்டம் பத்தல, தண்ணி மூலையில நிக்குது” என்று தினமும் பேசுகிறார்கள். நூற்றுக்கு ஒன்று என்பது வழக்கமான அளவு, அதாவது 8 அடிக்கு ஏறத்தாழ 1 அங்குலம். கிரவுட்டுக்கு ‘சந்துச்சாந்து’ நல்லது. ‘நிரப்பி’ என்றால் சங்கன் பள்ளத்து நிரவலோடு குழம்பும்.

நாணி ட்ராப்புக்கு ‘அங்கணப்பொறி’ என்றிருந்தார் ஒருவர். ‘அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்’ என்கிற 720-ஆம் குறளில் அங்கணம் என்பது தூய்மையற்ற முற்றம். அழுக்குத்தண்ணீர் சேரும் இடம் என்ற பொருளில் பிறகும் வழங்கியிருக்கிறது. சொல்லழகில் எனக்கும் ஆசைதான். ஆனாலும் கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்க வேண்டிய பொருள் இது. ‘நாணி ட்ராப்’ என்றே தலைச்சொல்லாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஊறல்தடை பூசிக் காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுமுன், ட்ராப் வாயைத் துணியால் அடைத்து தரையில் தண்ணீரை நிறுத்தி 24 முதல் 48 மணி நேரம் விட்டு, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்துக் கீழே போய்ச் சீலிங்கைப் பார்க்க வேண்டும். இதைத் ‘தண்ணி கட்டுறது’ என்கிறார்கள். சிமென்ட் வேலை இறுக ஈரம் காட்டுவதற்கும் அதே பெயர். “தண்ணி கட்டியாச்சா?” என்று வீட்டுக்காரர் கேட்கிறார், “கட்டியாச்சு” என்று பதில் வருகிறது, இவர் கேட்டது சோதனையை, அவர் சொன்னது பதப்படுத்தலை. மறுநாள் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே சோதனைக்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும். ‘தேக்குச் சோதனை’ என்றால் மரம் நினைவுக்கு வரும். ‘தேங்குநீர்ச் சோதனை’ என்று முன்மொழிகிறேன்.

பட்டியலுக்கு என் வரைவு:

ஊறல்தடை: குளியலறை, மொட்டைமாடி போன்ற நீர் புழங்கும் தரையில் கான்கிரீட்டின் மேல் இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூசப்படும் படலம், சுவரிலும் குறைந்தது 1 அடி ஏற்றப்படும். தேங்குநீர்ச் சோதனைக்குப் பிறகே மூடப்படும்.

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். பள்ளத்தளம், தாழ்தளம் இரண்டில் ‘சங்கன்’னுக்கு எது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை; வேலையில் இருப்பவர்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.