சிகாகோ நகருக்குள் ஒரு சிறிய அரசுப் பள்ளியை எப்படி எடைபோடுவது?

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நேரத்தில், வீட்டு விளம்பரத்தின் அடியில் அருகிலுள்ள பள்ளிக்குப் பத்துக்கு மூன்று என்றோ நான்கு என்றோ மதிப்பெண் போட்டிருப்பதைப் பார்த்து மனம் தளர்ந்து, நேராக நேப்பர்வில், ஷாம்பர்க் போன்ற புறநகர்களுக்குப் போய்விடலாமா என்று கேட்கும் பெற்றோர் ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள். எங்கள் மகளைச் சிகாகோ நகருக்குள், வகுப்புக்கு ஒரே பிரிவு மட்டுமே கொண்ட ஒரு சிறிய அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டனிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஒற்றை எண்ணை வைத்து மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். பெரிய பள்ளியை அளக்கும் கோல் சிறிய பள்ளிக்குப் பொருந்தாது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் எலிமென்டரி பள்ளி என்றால் பெரும்பாலும் கிண்டர்கார்டன் முதல் எட்டாம் வகுப்பு வரை. செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் 5 வயது நிறைந்த பிள்ளை, வீட்டு முகவரிக்கு உரிய பள்ளியில் கிண்டர்கார்டன் சேரலாம். அதற்குப் போட்டி கிடையாது. மேக்னட் பள்ளி (ஒரு குறிப்பிட்ட துறைக்கு முக்கியத்துவம் தந்து, நகரின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளி), தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளி ஆகியவற்றுக்குத்தான் முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விசா நிலையைக் காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது என்பது 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்தே நிலைபெற்றிருக்கிறது. முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரத்தோடு கூடிய இல்லினாய் மாநில மருத்துவப் படிவம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையை இங்குள்ள மருத்துவர் பார்த்து அந்தப் படிவத்தில் ஏற்றித் தர வேண்டும் என்பதால், மருத்துவரிடம் நாள் வாங்குவதை ஆகஸ்ட் வரை தள்ளிப்போட வேண்டாம்.

இனி எண்களுக்கு வருவோம். மாநில அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தப்படும் மாநிலத் தேர்வில் எத்தனை விழுக்காட்டினர் உரிய நிலையை எட்டினார்கள் என்ற கணக்கு இருக்கும். ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள்தான் என்றால் ஒரே ஒரு பிள்ளை 5 விழுக்காடு. இரண்டு குடும்பங்கள் வீடு மாறினாலோ, ஆங்கிலமே தெரியாத நான்கு பிள்ளைகள் நடு ஆண்டில் வந்து சேர்ந்தாலோ, ஆசிரியர் ஒரு குறையும் செய்யாமலே அந்த வகுப்பின் விழுக்காடு பெரிதாக ஏறி இறங்கும். ஆகவே ஒரே ஆண்டின் எண்ணைப் பார்க்காமல், நான்கைந்து ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பத்துப் பேருக்கும் குறைவான குழுக்களின் விவரம் மறைக்கப்பட்டிருக்கும். சிறிய பள்ளியில் அப்படிப்பட்ட காலிக் கட்டங்கள் நிறைய இருப்பதைக் கண்டு எதையோ ஒளிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். பிள்ளைகளை அடையாளம் காண முடியாதபடி காப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தேர்ச்சி விழுக்காடு, பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பெருமளவு காட்டுகிறது. பள்ளி என்ன சொல்லிக்கொடுத்தது என்பதை அறிய, ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற வளர்ச்சிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 2009க்கும் 2014க்கும் இடையில் சிகாகோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குச் செல்லும் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்கு ஒப்பான கல்வி வளர்ச்சியைப் பெற்றிருந்தது தெரியவந்தது. சராசரி மதிப்பெண் தேசிய சராசரிக்குக் கீழே இருந்த ஒரு நகரம்தான் இவ்வளவு வேகமாகச் சொல்லிக்கொடுத்தது. விளம்பரத்தின் அடியில் இருக்கும் எண்ணில் இந்த வேகத்தை நீங்கள் காண்பது கடினம்.

மூன்றாவதாக நான் பார்ப்பது, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் ஆய்வில் உருவான ஐந்து அடிப்படைகள் பற்றிய கணக்கெடுப்பு. ஆசிரியர்களும் மாணவர்களும் நிரப்பும் இந்தக் கணக்கெடுப்பு தலைமை, ஆசிரியர்களின் கூட்டுழைப்பு, குடும்பங்களின் ஈடுபாடு, ஆதரவான சூழல், கற்பித்தலின் ஆழம் ஆகிய ஐந்தில் பள்ளி எப்படி இருக்கிறது என்று காட்டுகிறது. இவற்றுள் மூன்றிலேனும் வலுவாக இருந்த பள்ளிகள் முன்னேறும் வாய்ப்பு, வலுவற்ற பள்ளிகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று அவர்களின் நீண்ட கால ஆய்வு கண்டது. தங்கள் தலைமையைத் தாங்களே நம்பாத ஆசிரியர்களின் பள்ளி, மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எனக்குக் கவலை தரும் பள்ளி.

இவ்வளவும் வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியவை. சிறிய பள்ளியின் உண்மையான பலமும் பலவீனமும் நேரில் போனால்தான் தெரியும். வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்பதால், அவர் நல்லவராக அமைந்தால் பிள்ளைக்கு அந்த ஆண்டு வரம். அமையாவிட்டால் மாற்றிக்கொள்ள வேறு பிரிவு கிடையாது. எங்கள் மகளுக்கும் அவள் வகுப்புத் தோழி ஒருத்திக்கும் மூன்றாம் வகுப்பில் கடுமையான மனத்தாங்கல் ஏற்பட்டபோது இருவரையும் பிரித்து உட்கார வைக்க வேறு வகுப்பறையே இல்லை. முதல்வரே இருவரையும் வாரந்தோறும் அழைத்துப் பேசி அதைச் சரிசெய்தார். பெரிய பள்ளியில் ஒரு முதல்வருக்கு அதற்கு நேரம் இருந்திருக்குமா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு வகுப்புகளை ஒரே ஆசிரியரிடம் சேர்த்து நடத்துகிறார்களா, அடுத்த ஆண்டு அப்படி நடத்தும் எண்ணம் உண்டா? இசை, ஓவியம், நூலகம் மூன்றுக்கும் ஆள் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள்? 2019ஆம் ஆண்டு ஆசிரியர்கள் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் என்று உறுதி வாங்கினார்கள். இந்தப் பள்ளியில் அவர்கள் நாள் முழுவதும் இருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. பேச்சுப் பயிற்சியோ வேறு சிறப்புக் கல்வியோ தேவைப்படும் பிள்ளை என்றால், அந்த வல்லுநர் பல பள்ளிகளுக்குப் பொதுவானவரா என்பதையும் கேளுங்கள். மதிப்பீடு வேண்டும் என்ற கோரிக்கையை வாயால் சொல்லாமல் எழுத்தில், தேதியிட்டுக் கொடுங்கள். 14 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். மாணவர் எண்ணிக்கை ஐந்து ஆண்டுகளில் எப்படிப் போயிருக்கிறது என்பதும் முக்கியம். 2013இல் மாணவர் குறைவைக் காரணம் காட்டி ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே நேரத்தில் மூடிய நகரம் இது.

சேர்க்கைப் படிவத்தோடு, வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்வித்தாளும் வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தாழ்வாக மதிப்பிடுவார்களோ என்று அஞ்சி ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோரை நான் அறிவேன். தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். பிள்ளைக்கு ஒரு மொழித் தேர்வு வைப்பார்கள், தேவைப்பட்டால்தான் கூடுதல் ஆங்கில உதவி தருவார்கள், அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே மொழி பேசும், உதவி தேவைப்படும் பிள்ளைகள் 20 பேர் சேர்ந்தால் அந்த மொழியிலேயே கற்பிக்கும் திட்டம் வேண்டும் என்கிறது இல்லினாய் சட்டம். சிறிய பள்ளியில் தமிழுக்கு அந்த எண்ணிக்கை வராது என்பதால், ஆங்கில உதவியை யார், எத்தனை மணி நேரம் தருகிறார் என்று கேட்டறியுங்கள்.

வருகைப் பதிவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி நாட்களில் 10 விழுக்காடு வராத பிள்ளை, காரணம் எதுவாயினும், தொடர்ந்து வராதவர் பட்டியலில் சேர்கிறது. டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்பும் நம் வழக்கத்தில், விடுமுறை போக மூன்று வாரப் பள்ளி நாட்கள் போனால் அந்த எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிடுவோம். இடையில் ஒரு காய்ச்சல் வந்தால் தாண்டியும் விடுவோம். சிறிய பள்ளியின் கணக்கில் அதுவும் ஒரு பெரிய விழுக்காடாகவே தெரியும். பயணத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பாடங்களை வாங்கிச் செல்லுங்கள்.

கடைசியாக, லோக்கல் ஸ்கூல் கவுன்சில். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்தக் குழுவில், எலிமென்டரி பள்ளிகளில், ஆறு இடங்கள் பெற்றோருக்கு உரியவை. முதல்வரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுப்பதும், பள்ளியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும் இவர்களே. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பதால், பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு மாலை போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். முதல்வர் குறை சொல்லும் பெற்றோருக்கு எப்படிப் பதில் சொல்கிறார், அவரது ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அண்மை ஆண்டுகளில் எத்தனை முதல்வர்கள் மாறினார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். நான்கு ஆண்டுகளில் மூன்று முதல்வர்களைக் கண்ட சிறிய பள்ளியானால் நான் வேறு வீடு பார்ப்பேன். சேர்த்த பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அதன் தேர்தலில் வாக்களிக்கத் தவறாதீர்கள். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருந்தால் போதும்.