பாப்பா பேர்ல இனிஷியல் எப்படிப் போட்டீங்க?

தோழிகளே, பாப்பாவுக்கு 11 மாசம். பிறப்புச் சான்றிதழ்ல பேர் இன்னும் ஏறல. 12 மாசத்துக்குள்ள இலவசம். அப்புறம் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம்.

பேர் யாழினி. ‘ழ’வுக்கு இங்கிலீஷ்ல இசட்-ஹெச் போட்டா வெளியூர்க்காரங்க ‘யாஸினி’ங்கிறாங்க, எல் போட்டா ‘யாலினி’. ரெண்டுல எது தேவலை?

பெரிய தலைவலி இனிஷியல். முன்னாடியா, பின்னாடியா, இல்ல அப்பா பேரை முழுசா எழுதிடலாமா? பாஸ்போர்ட் விண்ணப்பத்துல இனிஷியல் செல்லாது, விரிச்சுத்தான் எழுதணும். 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி ஆதாரமே இந்தச் சான்றிதழ்தான். இதுல ‘ஆர். யாழினி’, ஆதார்ல வெறும் ‘யாழினி’ன்னு இருந்தா ஸ்கூல் அட்மிஷன்லயே இழுபறி. விரிச்சு எழுதினவங்க, பின்னாடி ஏதாவது சிக்கல் வந்துச்சா?

அப்படியே இன்னொண்ணு. 50 பேர் வேலை பார்த்தாலே ஆபீஸ்ல குழந்தைகள் காப்பகம் வேணும், அம்மா தினம் 4 தடவை போய்ப் பார்க்கலாம்னு மகப்பேறு நலச் சட்டத்தோட 2017 திருத்தத்துலேயே வந்தாச்சு. ஹெச்ஆர்கிட்ட இதை மெயில்ல கேட்டவங்க எப்படி எழுதினீங்க? அப்ரைசல் நேரம் வேற, வார்த்தையைப் பார்த்துப் போடணும். மாதிரி இருந்தா அனுப்புங்க.