மடலாடல்: சுசுக்கி முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். விஜயதசமி அன்று எங்கள் ஊரில் மூன்று வயதிலிருந்தே குழந்தைகளுக்கு வயலின் வகுப்பு தொடங்குகிறோம், ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுக்கி வகுத்த முறையில். பெற்றோர் கையில் கொடுக்க ஒரு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும், ஆனால் தலைப்பே அமையவில்லை.

விஷயம் இதுதான். சுசுக்கி 1898இல் நகோயாவில் பிறந்தவர். அப்பா வயலின் தொழிற்சாலை நடத்தியவர். மகன் 1920களில் பெர்லினுக்குப் போய் வயலின் படித்துவிட்டு வந்து, போர் முடிந்தபின் மத்சுமோட்டோ நகரத்தில் குழந்தைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். ஜப்பானில் எந்தக் குழந்தையும் ஜப்பானிய மொழி பேசிவிடுகிறது, ஒசாகாவில் வளரும் குழந்தை அந்த ஊர்ப் பேச்சை அச்சு அசலாகப் பேசுகிறது, இதை யாரும் பிறவித் திறமை என்று சொல்வதில்லையே, இசை மட்டும் ஏன் அப்படி வராது என்று கேட்டார். தினமும் கேட்பது, கேட்டதைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, பழைய பாட்டை விடாமல் வைத்திருப்பது, அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்வது, சுரம் எழுதிய தாளைப் படிப்பது அப்புறம்தான். இதற்கு அவர் சொன்ன பெயர் தாய்மொழி முறை.

அதை அப்படியே போட்டால் இங்கே வேறு அர்த்தம் வருகிறது. கேரளத்தில் எங்கள் சித்தூர் தாலுக்காவில் ‘தாய்மொழிவழி’ என்றால் தமிழ் மீடியம், அவ்வளவுதான். வரைவைப் பார்த்த ஒரு அப்பா, பாட்டெல்லாம் தமிழில்தான் இருக்குமா, மலையாளம் பேசும் வீட்டுக் குழந்தைகளைச் சேர்க்க மாட்டீர்களா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நல்ல சொல் தாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

முதலில் பெயரைச் சரியாக எழுதியதற்கு நன்றி. பலர் ‘சுசுகி’ என்று எழுதுகிறார்கள். நம் எழுத்து வழக்கில் உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றைக் ககரம் மெலிந்துதான் ஒலிக்கும், ஆகவே ‘க்கி’ வேண்டும். ‘ஸு’ தேவையில்லை. மொழிமுதலில் சகரம் வராது என்று சிலர் தொல்காப்பியத்தைக் காட்டுவார்கள். அங்கே விலக்கப்பட்டவை ச, சை, சௌ மூன்றும்தான், சு வரலாம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரைக்கு அடுத்த பருவமே தால். மொழி, தாய், இசை மூன்றும் ஒரே இடத்தில் கூடும் சொல் இதைவிட வேறு உண்டா? ‘தால்முறை’ என்று வையுங்கள்.

பாலக்காட்டிலிருந்து

ஐயா, ‘தால்முறை’ என்று அச்சடித்தால் தாள் என்பதில் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். என் வகுப்பில் உள்ள தாய்மார் யாருக்கும் தால் தெரியாது, தாலாட்டு தெரியும்.

நம்மிடம் இருக்கும் சொல் கேள்வி ஞானம், அதாவது காதால் கேட்டே பெறும் இசையறிவு. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு தயக்கம் உண்டு. கச்சேரி வட்டத்தில் ‘அவருக்குக் கேள்வி ஞானம்தான்’ என்றால் குருவிடம் முறையாகப் படிக்கவில்லை என்று பொருள், அதில் பாதி பாராட்டு, பாதி குறை. சுசுக்கி முறையில் ஆசிரியர் உண்டு, வாராவாரம் தனி வகுப்பு உண்டு, கூட்டு வகுப்பும் உண்டு. இன்னொன்று, கர்நாடக இசையில் நாம் சரளி வரிசை என்ற சுரப் பயிற்சியில் தொடங்குகிறோம், அங்கே முதல் நாளிலிருந்தே முழுப் பாட்டைக் காதில் போடுகிறார்கள். இந்த வேறுபாடும் சொல்லில் தெரிந்தால் நல்லது.

செங்கோட்டையிலிருந்து

ஞானம் வேண்டாம். கேள்வி போதும், குறளில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ‘கேள்விவழி இசை’. அல்லது செவிலிமுறை. அகப்பாடல்களில் பெண்ணைப் பக்கத்திலிருந்து வளர்ப்பவள் செவிலித்தாய்தானே. செவியோடும் அது உறவுள்ள சொல் என்பது என் துணிபு.

நாகர்கோவிலிலிருந்து

துணிபு இருக்கலாம், சான்று வேண்டும். செவி, செவிலி ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது. இன்று செவிலியர் என்றால் மருத்துவமனை நினைவுதான் வரும்.

பாலக்காட்டிலிருந்து

கேள்வி என்று மட்டும் போட்டால் வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது பழைய சொல் அல்ல, பரீட்சைச் சொல்.

இடையில் ஒன்று. கையேட்டில் சின்னக் குழந்தைகளுக்கான 1/16 அளவு வயலினை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? நம் பழங்கணக்கில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. 1/16 மாகாணி, 1/10 இருமா, 1/8 அரைக்கால், 1/4 கால், அப்புறம் அரை, முக்கால். மாகாணி வயலின், அரைக்கால் வயலின் என்று எழுதலாமே? இவை அளவுக்கு இட்ட பெயர்கள்தான், நீளம் பதினாறில் ஒரு பங்கு ஆகாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

மாகாணியை எடுத்துக்கொண்டேன், இருமாவையும். பாட்டிகள் படித்துக் காட்டுவார்கள்.

தலைப்பைப் பற்றி நேற்றிரவு முழுக்க யோசித்தேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் மலையாளம் பேசுகிறார்கள், மலையாளத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, அம்மாவிடமிருந்தும் வரவில்லை. சுசுக்கி கண்டது இங்கே தெருவுக்குத் தெரு நடக்கிறது. அப்படியானால் தாய்மொழி என்பதில் ‘தாய்’ அல்ல முக்கியம், சுற்றி இருப்பதும் திரும்பத் திரும்பக் கேட்பதும்தான். ஒலிநாடாவைப் போடாமல், கூட உட்காராமல், வாரம் ஒருமுறை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால் இந்த முறை நடக்காது. பெற்றோர் ஒரு பாட்டாவது முதலில் தாங்களே வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது சுசுக்கி வைத்த ஏற்பாடு. தலைப்பைப் படித்ததும் அந்தக் கடமை புரிய வேண்டும். ஆகவே ‘கேட்டுப்பழகு முறை’.

செங்கோட்டையிலிருந்து

இது விளக்கம், கலைச்சொல் அல்ல. கலைச்சொல்லுக்கு இறுக்கம் வேண்டும். வினை வேண்டுமென்றால் வினைத்தொகையாக்குங்கள்: ‘பழகுமொழி முறை’. பழகிய, பழகுகின்ற, பழகும் என்று முக்காலமும் அதில் அடங்கும். சுசுக்கி சொன்ன ‘மொழி’யும் தொலையாது. அவர் ஒப்புமையே மொழியோடுதான். நீங்கள் மொழியை எடுத்துவிட்டால் வெறும் காதால் கேட்டுப் படிக்கிற முறை என்றாகிவிடும், அது உலகம் முழுக்க இருக்கிறது.

பாலக்காட்டிலிருந்து

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பழகுமொழி என்றால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு போல் இருக்கிறதே. நான் கேட்டுப்பழகு பக்கம்.

நாகர்கோவிலிலிருந்து

தால்முறையை விட மனமில்லை. இருந்தாலும் அச்சு நாளைக்கு என்பதால் கேட்டுப்பழகு முறைக்கு என் ஒப்புதல். ‘கேட்டு’ வன்றொடர்க் குற்றியலுகரம், நடுவில் ப் கட்டாயம், அச்சகத்தில் விட்டுவிடப் போகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

இருவர் ஒப்புக்கொண்டபடி ‘கேட்டுப்பழகு முறை’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் ‘சுசுக்கியின் தாய்மொழி முறை’ என்றும், எந்த மொழி பேசும் வீட்டுக் குழந்தையும் சேரலாம் என்றும் போட்டிருக்கிறேன்.

அடுத்த கையேட்டுக்கு இப்போதே கேட்டுவைக்கிறேன். பாடகர் குரலைப் பண்படுத்துவதுபோல் வில்லால் நாதத்தைப் பண்படுத்த ஒவ்வொரு வகுப்பிலும் செய்யும் பயிற்சிக்கு சுசுக்கி டோனலைசேஷன் என்று தாமே ஒரு சொல் ஆக்கினார். நாதப் பயிற்சி சரியா?

செங்கோட்டையிலிருந்து

நாதம் வேண்டாம். பழகுமொழியை நான் இன்னும் விடவில்லை, இரண்டாம் பதிப்பு வரும்போது பேசுவோம். டோனலைசேஷனுக்கு இரண்டு நாள் கொடுங்கள்.