ஸ்பானிய மொழியில் முடிந்துபோன விஷயத்துக்கு ஏன் சப்ஜங்க்டிவ் (நடந்ததென்று உறுதியாகச் சொல்லாத வினைவடிவம்)? உங்களுக்கு எங்கே இடித்தது?

நிலாச்சோறு:
ஸ்பானிய பி2 (இடைநிலைக்கு மேற்பட்ட நிலை) தேர்வுக்கான எழுத்துப் பயிற்சி. போர் முடிந்த பிறகு என்பதற்கு 'தெஸ்புவேஸ் தே கே தெர்மினாரா லா கெர்ரா' என்று எழுதியிருந்தேன். கொலம்பியாக்கார ஆசிரியை தெர்மினாராவைச் சிவப்பில் அடித்து, மேலே தெர்மினோ என்று எழுதினார். "போர்தான் முடிந்துவிட்டதே, அப்புறம் என்ன சப்ஜங்க்டிவ்?" அடுத்த வகுப்புக்கு ஒரு மாட்ரிட் செய்தித்தாளைக் கொண்டுபோனேன். முதல் பத்தியிலேயே 'தெஸ்புவேஸ் தே கே எல் கொபியெர்னோ அனுன்சியாரா'. அரசு அறிவித்து முடித்த செய்திதான். நிதானமாகப் படித்தார், மடித்தார், என் கையில் கொடுத்தார். "இது ஸ்பெயின்." அவ்வளவுதான். இன்னும் ஆறவில்லை.

இரவுஷிஃப்ட்:
எனக்கு நடந்தது போனில். மெக்சிகோ வாடிக்கையாளரிடம், அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோப்பை அனுப்பினோம் என்று விளக்கும்போது 'தெஸ்புவேஸ் தே கே ஃபிர்மாரான்' என்றேன். சட்டென்று அமைதி. "ஃபிர்மாரானா, ஃபிர்மாரோனா? கையெழுத்து ஆயிற்றா, இல்லையா?" நடுவில் ஒரே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம்! அந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளரும் லைனில் இருந்தார். நிலாச்சோறு, உங்கள் ஆசிரியை அடித்தது அநியாயம். ஸ்பானிய மொழி விதிகளை வகுக்கும் ஸ்பானிய அகாடமியே இரண்டையும் ஏற்கிறது. ஆனால் லத்தீன் அமெரிக்கக் காதுக்கு இண்டிகேடிவ்தான் (தெர்மினோ, ஃபிர்மாரோன் போல நடந்ததை நேராகச் சொல்லும் வடிவம்) இயல்பு.

பழையஏடு:
செவில்லாவில் தங்கியிருந்த வீட்டம்மா, நீ வருவதற்குள் அறையைத் துடைத்துவிட்டேன் என்பதை 'அன்தெஸ் தே கே யெகாராஸ்' என்று சொன்னார். நான்தான் வந்து எதிரில் நிற்கிறேனே என்று தோன்றியது.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். இதைக் கடந்தகாலம், எதிர்காலம் என்று பிரிக்காதீர்கள். முதன்மை வினை நடந்த நேரத்தில் போய் நின்று பாருங்கள். அறையைத் துடைத்தபோது நான் இன்னும் வரவில்லை. அதனால் 'அன்தெஸ் தே கே' வந்தால் எப்போதும் சப்ஜங்க்டிவ். 'குவாந்தோ யெகோ, கோமிமோஸ்': அவன் வந்தான், சாப்பிட்டோம். நடந்த செய்தி, இண்டிகேடிவ். ஆனால் அவன் வந்ததும் சாப்பிடலாம் என்று அம்மா சொன்னாள் என்றால் 'குவாந்தோ யெகாரா'. சொன்ன நேரத்தில் அவன் வரவில்லை, ஒருவேளை கடைசிவரை வராமலே போயிருக்கலாம். 'அஸ்தா கே'யும் அப்படித்தான். வரும்வரை காத்திருந்தேன் என்றால் 'யெகோ', வரும்வரை காத்திருக்க முடிவெடுத்தேன் என்றால் 'யெகாரா'.

'தெஸ்புவேஸ் தே கே' மட்டும் இதில் அடங்காது. காரணம், ஸ்பானிய மொழியின் தாயான லத்தீன். தெர்மினாரா, யெகாரா என வரும் '-ரா' வடிவம் அங்கே இண்டிகேடிவ், அமாவெராம், 'நேசித்திருந்தேன்'. அந்தப் பழைய வாசனைதான் செய்தித்தாளில் வீசுகிறது.

இரவுஷிஃப்ட்:
பழையஏடு ஐயா, அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. ஸ்பெயினில் 'தெஸ்புவேஸ் தே கே யெகாசே' என்றும்தான் எழுதுகிறார்கள். '-ரா'வுக்குப் பதிலாக வரும் இந்த '-சே' வடிவம் லத்தீனிலேயே சப்ஜங்க்டிவ், அமாவிஸ்ஸெம். உங்கள் கணக்கு அதற்கு எப்படிப் பொருந்தும்? 'அன்தெஸ் தே கே'யைப் பார்த்து இதுவும் அந்த வழிக்குப் போயிருக்கும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பழையஏடு:
'-சே' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாமே. 'தெஸ்தே கே' (அதிலிருந்து) எனத் தொடங்கும் வாக்கியங்களில் '-ரா' எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அங்கே எந்த 'அன்தெஸ்' வழிகாட்டியது?

நிலாச்சோறு:
லத்தீன் வரை போய்விட்டீர்கள், சரி. தேர்வில் 'தெர்மினாரா' எழுதி மதிப்பெண் வாங்கியவர் யாராவது இருக்கிறீர்களா?