பேப்பூர் உரு: உல்லாசப் படகாக மாறிய பிறகும் அது மரபுதானா?

மரக்கலம்:
கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாறு கடலில் சேரும் இடம் பேப்பூர். உரு என்னும் பெரிய மரக்கப்பலைக் கட்டும் ஊர். அரபு வணிகர்களுக்குச் சரக்குக் கப்பல் கட்டிய கரையில் இன்று வளைகுடாச் செல்வந்தர்களுக்கு உல்லாசப் படகு கட்டுகிறார்கள். நிலம்பூர்த் தேக்கு குறைந்து மலேசிய மரம் வருகிறது. பாய் போய் எஞ்சின் வந்துவிட்டது. இதை மரபு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நல்ல அருங்காட்சியகமும், மூத்த மேஸ்திரிகளின் அறிவை முழுமையாகப் பதிவு செய்வதும்தான் இப்போது தேவை.

சாலியாற்றங்கரை:
ஐயா, எந்தக் காலத்து உருவை மரபு என்கிறீர்கள்? 14ஆம் நூற்றாண்டில் வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, இந்தியக் கப்பல்களின் பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தார்கள் என்று எழுதுகிறார். அப்புறம் ஆணி வந்தது. அப்போதே மரபு செத்துவிட்டதா? நீங்கள் சொல்லும் நிலம்பூர்த் தேக்குத் தோட்டமே 1840களில் மலபார் கலெக்டர் கானலி போட்டதுதான். மாறாதது ஒன்று உண்டு: காகித வரைபடம் இல்லாமல், மனக்கணக்கில் கப்பலின் வளைவை நிறுத்தும் திறமை. அது ஆர்டர் இருந்தால்தான் அடுத்த கைக்குப் போகும்.

மரக்கலம்:
சரி, கை மாறட்டும். ஆனால் வாங்குபவர் கேட்பது உள்ளே குளிர்சாதன அறையும் மெத்தையும். கடலில் சரக்கோடு போகும் கப்பலுக்கான கணக்கு அதில் எங்கே மிஞ்சும்?

தோணித்துறை:
தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவை. அந்தச் சரக்கு பெட்டகக் (கன்டெய்னர்) கப்பல்களுக்குப் போகப் போக, புதுத் தோணி கட்டும் வேலையும் குறைந்தது. வேலை இல்லாத தச்சர் வீட்டுக் கதவு செய்யப் போய்விடுவார், மகனும் அதைத்தான் கற்பான். மெத்தை போட்ட உரு என்றாலும் ஏராக்கட்டை (கப்பலின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகுக் கட்டை) வைத்து, பலகை வளைத்து, இடுக்கில் பஞ்சு திணித்து அடைத்தால்தானே மிதக்கும்? சாலியாற்றங்கரை சொல்வதே எனக்கும் சரி.

சாலியாற்றங்கரை:
நன்றி அண்ணே. கலாசிகளையும் மறக்கக் கூடாது. கட்டி முடித்த உருவை உருளை, கப்பி, வடம் வைத்து ஆற்றுக்குள் இறக்குபவர்கள் அவர்கள். 1988இல் பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளைத் தூக்கவும் அவர்களைத்தான் அழைத்தார்கள். இந்தத் திறமையை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பீர்கள்?

மரக்கலம்:
கண்ணாடிப் பெட்டி போதும் என்று நான் சொல்லவில்லை. ஓர் உரு கட்டி முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆர்டர் இல்லாத வருடத்தில் ஒரு மேஸ்திரி இறந்துபோனால், அவர் மனத்தில் இருந்த கணக்கை யாரிடம் கேட்பீர்கள்? அதனால்தான் பதிவை முதலில் வைக்கிறேன். ஆர்டர் வரட்டும், நல்லதுதான். ஆனால் ஊரை அதை மட்டும் நம்பி இருக்க விடக் கூடாது.

தோணித்துறை:
அப்படியென்றால் பதிவுக்கு ஒதுக்கும் பணத்திலேயே நாலு இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து மேஸ்திரியோடு நிறுத்துங்கள். வீடியோ எடுப்பவரும் அங்கேயே இருக்கட்டும்.