சுடலை கோயில் கொடை வரி (நம்ம குடும்பம் மட்டும்)

கோமதி: இசக்கிக்கு யுனிவர்சிட்டில இருந்து மெயில் வந்துட்டு. பிஎச்டி நேர்காணலாம். வார செவ்வா காலைல 10 மணிக்கு

செல்லம்மா: செவ்வா நம்ம கோயில் கொடைத் திருவிழால்லா

மாரிமுத்து: சூப்பர் ட்டி இசக்கி

ராமையா: நல்ல செய்தி. மாசம் 37,000 வரும். பாவூர்சத்திரத்துக்காரங்ககிட்ட அப்பவே சொல்லிட்டேன்

கோமதி: எந்த பாவூர்சத்திரம் அத்தான்?

செல்லம்மா: பொண்ணு கேட்டு வந்தாவள்லா அவிய

கோமதி: 😐

முருகேசன்: அண்ணே, அந்த 37,000 ஜேஆர்எஃப்ங்குத ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனவங்களுக்கு. முதல் 2 வருஷம் 37,000, பொறவு 42,000. இசக்கிக்கு நெட் தகுதித் தேர்வுல கெடச்சது மூணாவது பிரிவு. பிஎச்டி சேரலாம், அவ்வளவுதான், பைசா கெடையாது. வழிகாட்டுத கைடு புரொபசர் கையில ப்ராஜெக்ட் இருந்து அதுல இவளைப் போட்டா ஏதோ வரும், அது தனிக் கதை. இந்தத் தகுதியும் ரிசல்ட் வந்த தேதில இருந்து 1 வருஷந்தான் செல்லும். அதனால கொடையைக் காட்டி நேர்காணலை விட்ராதீங்க மதினி

ராமையா: சும்மாவா படிக்கப் போறா?

மாரிமுத்து: கொடைக்கு வரிப் பணம் போடாதவங்க லிஸ்ட் நாளைக்கு போடுவேன். முருகேசன் சித்தப்பா பேரு மொத வரும்

முருகேசன்: சேர்க்கைக்கு 100ல நேர்காணலுக்கு 30, நெட் பெர்சன்டைலுக்கு 70. அவ பெர்சன்டைல் 82, அப்போ 57.4 இப்பவே கையில இருக்கு. இதுல எல்லாரும் தப்பு பண்ணுத எடம் ஒண்ணு உண்டு. பெர்சன்டைல்ங்கது மார்க் இல்ல. அந்தப் பாடம் எழுதுனவங்கள்ல 100க்கு 82 பேரு இவ அளவுக்கோ இவளுக்குக் கீழயோ இருக்காங்கன்னு அர்த்தம். படிவத்துல மார்க் கட்டத்துல 82ன்னு எழுதிராத இசக்கி

இசக்கி: சரி சித்தப்பா

செல்லம்மா: வரியப் பத்தி பேச்சே காணும்

ராமையா: அங்க நம்ம ஊர்க்கார புரொபசர் ஒருத்தர் இருக்காரு. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்

முருகேசன்: அவருக்கு இன்னும் 2 வருஷந்தான் சர்வீஸ். ரிட்டயர்டாக 3 வருஷத்துக்குக் கீழ இருந்தா புதுசா ஆள் எடுக்கக்கூடாது, பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2022ல போட்ட விதி. ஏற்கெனவே எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் ரிட்டயர்டுக்குப் பொறவு கோ-கைடா இருக்கலாம், 70 வயசு வரை. நீ போய் கேக்க வேண்டியது ஒரே கேள்விதான் இசக்கி: எடம் காலி இருக்கா. ஒரு புரொபசர்கிட்ட 8 பிள்ளைகதான், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4. அதுக்கு மேல சேக்க முடியாது

ராமையா: நல்லதுக்கு சொன்னா விதி பேசுதான்

மாரிமுத்து: கிணத்துப் பங்குச் சண்டை மாதிரியே போவுது 😂

கோமதி: மாரி வாய மூடு

செல்லம்மா: ஹாஸ்டல்லாம் வேண்டாம். யுனிவர்சிட்டி இருக்க அபிஷேகப்பட்டி தென்காசி ரோட்டுலதான. ஆலங்குளத்துல ஏறுனா நேரா எறங்கிரலாம்

இசக்கி: அத்தை, என் துறை அங்க இல்ல. சுற்றுச்சூழல் மையம் இருக்கது ஆழ்வார்குறிச்சில. யுனிவர்சிட்டின்னதும் அம்மா அபிஷேகப்பட்டின்னு நெனச்சுட்டா

செல்லம்மா: ஆழ்வார்குறிச்சியா!!

கோமதி: மெயில்ல சின்ன எழுத்துல போட்டுருக்கு

ராமையா: அம்பை போய் மாறணும். இல்லன்னா கடையம்

முருகேசன்: அதான் ஹாஸ்டல் வேணும்ங்கேன். இவ தலைப்பு தாமிரபரணித் தண்ணி. பிஓடி, அதான் தண்ணில உள்ள கிருமி எவ்வளவு ஆக்சிஜன் தின்னுதுன்னு பாக்கணும்னா சாம்பிளை 27 டிகிரில 3 நாள் வைக்கணும், நம்ம நாட்டு முறை அது. வியாழக்கிழமை தண்ணி எடுத்தா ஞாயித்துக்கிழமை ரீடிங், லேப் பூட்டிக் கெடக்கும். திங்கள், செவ்வா எடுத்தா வியாழன், வெள்ளி முடியும். தண்ணில கரைஞ்ச ஆக்சிஜனை அளக்க ஆத்தங்கரையிலயே மாங்கனீஸ் சல்ஃபேட்டும் அசைடு கலந்த கார அயோடைடும் ஊத்தி, காத்துக் குமிழி இல்லாம மூடிரணும். லேப்ல வந்து ஊத்திக்கலாம்னு விட்டா அளவு மாறிரும், பாட்டில்ல இருக்க கிருமி அதுக்குள்ள ஆக்சிஜனைத் தின்னுரும். உலோகம் பாக்குத பாட்டில் தனி, நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் 2க்குக் கீழ கொண்டாரணும். இத்தனையும் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறுவாளா?

மாரிமுத்து: ஷட்டில் கோர்ட் இருக்கான்னு கேளு ட்டி

செல்லம்மா: ஆசிடா? பொம்பளப் பிள்ளை கையிலயா?

முருகேசன்: நேர்காணல்லயும் "தாமிரபரணி மாசு"ன்னு மொட்டையா சொல்லாத. எந்த எடம், எத்தனை தடவைன்னு கேப்பாங்க. பாபநாசம், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், சிற்றாறு வந்து சேருத சீவலப்பேரி. கோடைல ஒண்ணு, வடகிழக்குப் பருவமழைல ஒண்ணு. நாலு எடம் போதும். நாப்பதுன்னு எழுதுனா நீயே முடிக்க மாட்ட. குறைஞ்சது 3 வருஷம், கூடுனா 6. பொம்பளப் பிள்ளைகளுக்கு மேல 2 வருஷம் தளர்வு உண்டு

கோமதி: அப்போ கல்யாணம்?

ராமையா: அதத்தான் நானும் கேக்கேன்

முருகேசன்: பிரசவ லீவு, பிள்ளை பாக்க லீவு எல்லாம் சேத்து 240 நாள் உண்டு மதினி. கல்யாணத்துக்கும் படிப்புக்கும் சண்டை இல்ல

இசக்கி: இப்ப கல்யாணப் பேச்சு எதுக்கு

மாரிமுத்து: தீசிஸை ஏஐல எழுதிரு, முடிஞ்சு

முருகேசன்: அடுத்தவங்க எழுதுனதோட ஒத்துப்போறது 10 சதவீதம் தாண்டுனா திருத்திக் கொண்டான்னு திருப்பிருவாங்க. ஏஐக்கு தனியா வேற கேள்வி வரும். அவளக் கெடுக்காதல. இசக்கி, மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கு இன்னைக்கே எழுதிப் போடு. நீ பிஜி முடிச்சது மதுரைல, சேரும்போது கேப்பாங்க

கோமதி: ஹாஸ்டல் சாப்பாடு எவ்வளவு ஆகும் தம்பி?

முருகேசன்: டிவைடிங் மெஸ்ஸா இருந்தா மாசச் செலவை சாப்புட்டவங்க தலைக்கு பிரிப்பாங்க, தொகை மாசத்துக்கு மாசம் மாறும். ஊருக்கு வரும்போது முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். சொல்லாம வந்தா சாப்புடாத சோத்துக்கும் காசு. எத்தனை நாளுக்கு மேல போனா கழிப்பாங்கன்னு வார்டன்கிட்ட மொதல்லயே கேட்டுக்கோ

செல்லம்மா: செவ்வா என்ன செய்ய? மதியக் கொடைக்கு இவ இல்லன்னா பொங்கப்பானை யாரு வைப்பா?

கோமதி: நீங்க வைங்க மதினி. சாமக்கொடைக்கு வந்துருவா

செல்லம்மா: என் முழங்காலுக்கா

ராமையா: வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் யாரு குடுத்தா?

மாரிமுத்து: வரி வந்தாத்தான் அட்வான்ஸ். சித்தப்பா???

முருகேசன்: நாளைக்கு போடுதேன்ல. அண்ணே, செவ்வா காலைல உங்க காரை அனுப்புங்க. 10 மணி நேர்காணலுக்கு 9க்கே அங்க நிக்கணும், ஒரிஜினல் சரிபாக்கணும்

ராமையா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்லம்மா: அண்ணன் என்னத்தப் போட்டு அழிச்சான்?

மாரிமுத்து: நான் பாத்துட்டேன் 🤐

கோமதி: மாரி, தனியா அனுப்பு